எங்கள் ஊர்ப் பள்ளியின் உள்பக்கம்

பீஜப்பூரில் என் கணவருக்கு வாய் ஓயவில்லை. பெங்களூரில் இருக்கும் மகன், லீவுக்குப் போன எங்களைக் காரில் ஏற்றி அங்கே கொண்டுபோயிருந்தான். கோல் கும்பஸின் பெரிய குவிமாடத்துக்குள் சுற்றிவரும் மேல்மாடத்தில் இவர் ஒரு பக்கம் நின்று கிசுகிசுப்பார், நான் எதிர்ப்பக்கம் சுவரில் காதை வைத்துக் கேட்டுத் தலையாட்ட வேண்டும். கூடலூருக்கும் குமுளிக்கும் ஜீப்பில் ஏலக்காய் மூட்டையோடு அலைந்தே வயதாகிப்போன மனிதர், இரண்டே நாளில் பேராசிரியராகிவிட்டார். "பாத்தியா, என்னமா கட்டியிருக்காக!" என்று ஒவ்வொரு வளைவையும் தடவிப் பார்த்தார்.

ஜாமியா மசூதியில், தொழ வைப்பவர் நிற்கும் மிஹ்ராபுக்கு முன்னால் போய் நின்றேன். பழைய பொன்வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. செருப்பை வெளியே விட்டால் போதும், வேறு எதுவும் யாரும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "நம்ம ஊருப் பள்ளியில மிஹ்ராப் எப்படி இருக்கும்?" என்று இவரிடம் கேட்டேன்.

"அதுவா? கல்லுதான். அதுல பாக்க என்ன இருக்கு?" என்றார்.

பார்த்தவர்கள் அப்படிச் சொல்லலாம். நான் பார்த்ததில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் ஊரில் பள்ளிவாசலுக்கு அடுத்த தெருவில் பிறந்து, அதற்கும் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள் நான். வேறு எத்தனையோ ஊர்களில் பள்ளியில் பெண்களுக்குத் தனி இடம் இருக்கிறது. எங்கள் ஊரில் எங்களுக்கு வாசற்படி வரைதான்.

அந்த வாசற்படியில் அந்தி மஹ்ரிபுத் தொழுகை நேரத்தில் பெண்கள் கூட்டம் நிற்கும். காய்ச்சல் கண்ட பிள்ளை, காரணமில்லாமல் வீறிடும் பிள்ளை, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சுற்றுவட்டாரத்து இந்து வீட்டுப் பெண்கள் தோட்டவேலை முடிந்து வருவார்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஓதிப் பிள்ளையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது நானும் அவர்களோடுதான் நின்றேன். திராட்சைத் தோட்டக்காரர் வீட்டு அக்கா ஒருநாள் உள்ளே எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, அங்கன உள்ளுக்குள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்டார்.

"எனக்கென்னக்கா தெரியும்? நானும் ஒங்களோடதான நிக்கிறேன்."

"நல்ல கூத்து! நாங்க அசலூருக்காரங்க. ஒங்க பள்ளி ஒனக்கே தெரியாதாக்கும்?"

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தேன். வாசலிலிருந்து தெரிந்தது இவ்வளவுதான்: கைகால் கழுவும் தண்ணீர்த் தொட்டி, இரண்டு கல்தூண், அதற்குப் பின்னால் இருட்டு.

பீஜப்பூரிலிருந்து திரும்பிய சில மாதங்களில் பழைய பள்ளியை இடிப்பது என்று முடிவாயிற்று. இடம் போதவில்லை, மழைக்கு ஒழுகுகிறது, பளிங்கும் பெரிய குவிமாடமுமாகப் புதிதாகக் கட்டலாம் என்றார்கள். கட்டடக் கமிட்டியில் இவரும் இருந்தார். அயலூர்க் கல்லைத் தடவித் தடவி உருகிய கைதான் இந்தத் தீர்மானத்துக்கும் உயர்ந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இடிங்க, கட்டுங்க, ஒங்க இஷ்டம். அதுக்கு முன்னால நான் ஒரே ஒரு தடவை உள்ள பாக்கணும்" என்றேன். எப்படியோ பேசி ஒப்புதல் வாங்கிவந்தார். கடைசி ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் வெளியேறியதும், பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு வரைக்கும் பெண்கள் பார்க்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பிப்போய்ப் பள்ளியை ஒட்டிய சந்தில் நின்றோம். ஆண்கள் வெளியே வந்தால்தானே? தூணைக் கட்டிப்பிடித்து செல்பி எடுத்தார்கள். துபாயில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீடியோவில் மூலைமூலையாகக் காட்டினார்கள். நாங்கள் இருந்தது கூப்பிடு தூரத்தில். போதாததற்குக் கடைசி ஜும்ஆ என்று நெய்ச்சோறு வேறு ஆக்கியிருந்தார்கள். ஆண்களுக்கு உள்ளே பந்தி, எங்களுக்குச் சந்தில் பொட்டலம். இவர்தான் கூடையில் தூக்கிவந்து கொடுத்தார். "கொஞ்சம் பொறுங்க, எடத்தக் கழுவுனதும் போயிறலாம்" என்றார். கழுவினார்கள். தரை காய்வதற்குள் அஸருக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள். சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எங்களுக்கு வாய்க்கு எட்டியது மட்டும்தான் மிச்சம்.

மறுநாள் காலையில் ஜேசிபி வந்து நின்றது. காண்ட்ராக்டருக்கு அடுத்த வாரம் வேறு வேலை இருந்ததாம், முன்கூட்டியே வந்துவிட்டார். பெண்களுக்குச் சொன்ன வார்த்தை கமிட்டியில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை, என் வீட்டுக்காரருக்கும் இல்லை. நான் போய்ச் சேர்வதற்குள் கூரை இறங்கியிருந்தது. சித்தாள் பெண்கள் தலையில் சும்மாடு கட்டி, சட்டியோடு அந்த வாசலில் நுழைவதும் வருவதுமாக இருந்தார்கள். பாவம், அவர்கள் பிழைப்பு. அவர்கள் மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? ஆனாலும் வயிறு எரிந்தது. வெளியே வந்த ஒருத்தியை நிறுத்தி, "உள்ள எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரே தூசியா கெடக்கு ஆத்தா, கிட்ட வராதீக" என்றாள்.

மதியத்துக்குள் முன்சுவரும் போய்விட்டது. இடிபாட்டின் நடுவே நின்றிருந்த இவர் என்னைப் பார்த்துக் கையை வீசினார். "ஏ, வா, தாராளமா வா! இனி என்ன, வெறும் எடந்தான!"

போனேன். செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. தூண்களை ஏற்கெனவே லாரியில் ஏற்றிவிட்டார்கள். தலைக்கு மேல் வெயில் அடித்தது. மிஹ்ராப் எந்தப் பக்கம் என்று கேட்கக்கூட மனம் வரவில்லை.

"நம்ம நிக்காஹ் எங்கன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

எங்கள் ஊரில் நிக்காஹ் பள்ளிக்குள் நடக்கும். பெண் வீட்டில் இருப்பாள். என்னிடம் சம்மதம் கேட்டுவிட்டு என்னைப் பெற்ற அத்தா பள்ளிக்குப் புறப்பட்டுப் போனார். பிறகு பள்ளியிலிருந்து கல்கண்டுத் தட்டு வந்தது. எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதை அந்தத் தட்டு வந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.

இவர் இரண்டடி முன்னால் நடந்தார். நின்றார். பின்னால் வந்தார். "இங்கனதான்... இல்ல, அந்தா அங்கன. தூணு இருந்தா சரியாச் சொல்லிருவேன்" என்று நெற்றியைத் துடைத்தார்.

"விடுங்க" என்றேன். "அன்னைக்கும் நான் இங்கன இல்ல."