பாத்திரம் கழுவும் நேரத்து ஆங்கிலம்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அப்படிப் போன சொல்லையெல்லாம் இருபத்தாறு வருடங்களாக ஊராருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு, சொந்தமாகப் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பல்செட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். அவர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாயின் அச்சை வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் பல் கட்டுகிறவர். ஜன்னலோரம் நீள மேசை. அதில் பிளாஸ்டர் தாடைகள் எதையோ சொல்ல வந்து மறந்துவிட்டதுபோல வாயைத் திறந்தபடி வரிசையாக இருக்கும். ஸ்பிரிட் விளக்கில் மெழுகை இளக்கி ஈறு வைப்பார். அதில் பல்லை ஒவ்வொன்றாக நடுவார். மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருகிறதா என்று கடிக்க வைத்துக் காதருகே கொண்டுபோய்க் கேட்பார். ஆயிரக்கணக்கான சிரிப்புகளைச் செய்தவர். அவற்றில் ஒன்றைக்கூட உரியவர் முகத்தில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

இப்படிப்பட்டவருக்கு ஐம்பத்திரண்டாம் வயதில் ஆங்கிலம் தேவைப்பட்டது. அவர் வேலை பார்க்கும் லேபை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. இனி அந்தப் பக்கத்து டாக்டர்கள் திரையில் தோன்றிப் பல்லின் நிறத்தையும் கடியையும் பற்றிக் கேள்வி கேட்பார்கள். தலைமை மேசையில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். ஆறு மாதம் தவணை என்றார் முதலாளி. அதற்குள் வராவிட்டால் தலைமை மேசை எதிர்மேசைப் பெண்ணுக்கு.

"வேலை உங்களுக்குக் கையில இருக்கு, அந்தப் பொண்ணுக்கு வாயில இருக்கு. இப்ப வாய்க்குத்தான் காலம்" என்றார். வாயை வைத்தே பிழைப்பு நடத்தும் இடத்தில் இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. பல்செட்டுக்காரர் சரிங்க என்று மட்டும் சொன்னார்.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போனில் வழி சொன்னாள். "கிளாஸுக்கெல்லாம் போகாதீங்கப்பா, ரெண்டாம் நாளே தூங்கிருவீங்க. நல்ல இங்கிலீஷ் சீரியல் ஒண்ணைப் பிடிச்சுக்குங்க. கீழ எழுத்து ஓடும். பாத்துக்கிட்டே இருந்தா தானா வரும்."

"தானா வர அதென்ன நரையா?" என்றார் அவர். அந்த ஆண்டு அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான்.

கூடவே படிக்கிறேன் என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள். அவளுக்குக் கூரியர் ஆபீஸில் வேலை. வாங்க ஆளில்லாமல் திரும்பி வரும் பார்சல்கள் அவள் பொறுப்பு. விலாசத்தில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்து மறுபடி அனுப்ப வேண்டும், அல்லது அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும். கல்யாணமாகி இருபத்துநாலு வருடம். மகள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் பேச்சு மோட்டார் போட்டாச்சா, லைட்டை அணைச்சாச்சா என்ற அளவுக்கு வந்திருந்தது. அதற்குமேல் பேச வேண்டியது எதுவும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

மகள் தேர்ந்து கொடுத்தது நூற்றுப்பன்னிரண்டு பாகம் ஓடும் ஒரு குடும்ப சீரியல். கணவன் விமானி, மனைவி நாய்களுக்கு வைத்தியம் பார்ப்பவள். விமானி பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தான்; நாய் ஏதும் கண்ணில் படவில்லை. ஆளுக்கு ஆள் நன்றியும் மன்னிப்பும் சொல்லிக்கொண்டார்கள். வாரத்தில் நாலு நாள், ஏழு மணிக்கு ஒரு பாகம். அது முடிந்ததும் பாத்திரம் கழுவும் நேரம் முழுக்க ஆங்கிலம் மட்டுமே என்று இருவரும் விதி செய்துகொண்டார்கள். அந்த சீரியலில் கணவன் கழுவுவான், மனைவி துடைத்து வைப்பாள். ஆகவே இவரும் கழுவினார். ஆங்கிலம் வருவதற்கு முன்னால் பாத்திரம் கழுவ வந்துவிட்டது.

கழுவும்போது ஒருவர் சீரியலிலிருந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், மற்றவர் அதற்கு அங்கே வரும் பதிலைச் சொல்ல வேண்டும். பதில் தெரியாதவர் மூன்று மாடி இறங்கிக் குப்பையைப் போட்டுவிட்டு வர வேண்டும். எந்தப் பாகத்திலிருந்தும் கேட்கலாம். மனைவி சனிக்கிழமை அரைநாள் லீவில் நாலைந்து பாகம் முன்னால் ஓடிவிடுவாள். அதனால் குப்பை பெரும்பாலும் இவர் கணக்கிலேயே போயிற்று.

சீரியலில் மனைவி கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். முதல் வாரம் அந்த இடம் வரும்போதெல்லாம் இவளுக்கு இருமல் வந்தது. இரண்டாவது வாரம் சொல்லிவிட்டாள். குக்கர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியின் வாயிலிருந்து தன் பெயர் வந்ததைக் கேட்டு அவர், யாரோ வாசலில் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். "நீங்கதாங்க அது" என்றாள் அவள், விதியை மீறித் தமிழில்.

வீட்டில் சண்டை நின்றுபோனது. சண்டைக்கு வேண்டிய சொல் அந்த சீரியலில் கிடைக்கவில்லை. குத்திக்காட்டவும் பழசைக் கிளறவும் அம்மா வீட்டை இழுக்கவும் வளமான மொழி வேண்டும். இவர்களிடம் இருந்தது முந்நூறு வாக்கியம். அதை வைத்துக்கொண்டு நாகரிகமாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மகள் போனில் கேட்டுவிட்டு, ராங் நம்பர் போட்டுவிட்டேனோ என்று கேலி செய்தாள்.

நான்காம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மனைவி ஒரு தட்டை இரண்டு பக்கமும் துடைத்து அடுக்கிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "எனக்கு இந்த வீட்டில் தொடர்ந்து இருக்க விருப்பம் இல்லை. எனக்குக் கோபம் எதுவும் இல்லை."

அவர் பதிலை யோசித்தார். வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, விமானி பாகத்துக்கு ஒரு தடவையாவது சொல்லும் வாக்கியத்தைச் சொல்லிவைத்தார்: "நாம் இதைப் பற்றி நாளை பேசலாம்."

மனைவி துணியை மடித்து வைத்தாள். பிறகு சரி என்றாள். தோற்றுவிட்டோம் என்று அவரே புரிந்துகொண்டு குப்பைப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை மேசையில் ஒரு கீழ்த்தாடைக்குக் கடைவாய்ப் பல் நட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது: அந்த வாக்கியத்தை இவர் எங்கும் கேட்டதில்லை. இவர் பார்க்காத பாகத்தில் இருக்கலாம். அல்லது பார்த்த பாகத்தில் கண்ணயர்ந்த இடத்தில் இருக்கலாம். இருந்தால் அது வீட்டுப்பாடம். இல்லாவிட்டால் அது வீடு.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்பதானால் தமிழில் கேட்க வேண்டும். தமிழில் கேட்டால் பதிலும் தமிழில் வந்துவிடும். அதனால் அவர் சுற்றுவழியில் போனார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்து, போனைப் பிளாஸ்டர் தாடை ஒன்றின்மேல் சாய்த்து, முதல் பாகத்திலிருந்து ஆரம்பித்தார். வைக்கோற்போரில் ஊசி தேடுகிறவனுக்காவது ஊசி கிடைத்தால் லாபம் என்ற நினைப்பு இருக்கும், கிடைக்காவிட்டால் வைக்கோலாவது மிஞ்சும். இவருக்கு மிஞ்சியது ஆங்கிலம். ஒரு சொல்லும் தப்பிவிடக் கூடாது என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார். பத்தாம் பாகத்தில் கீழே ஓடும் எழுத்து இடைஞ்சலாக இருந்தது, அணைத்துவிட்டார். பஸ்ஸில் இரண்டு, மத்தியானம் ஒன்று. மொழி கற்க இத்தனை நல்ல முறையும் இத்தனை மோசமான காரணமும் ஒருவருக்குச் சேர்ந்து வாய்ப்பது அபூர்வம்.

எழுபத்தொன்றாம் பாகத்தில் பக்கத்து வீட்டுக்காரன் இந்த ஊரில் இருக்கப் பிடிக்கவில்லை என்றான். அதை நாலு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டார். ஊர் என்பதை வீடு என்று மாற்றிச் சொல்லியிருப்பாளோ என்று ஒரு பகல் முழுக்க நம்பிப் பார்த்தார். கோபம் இல்லை என்ற பகுதி எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை இல்லாததால் மறுநாள் விட்டுவிட்டார்.

வீட்டில் எதுவும் மாறவில்லை. ஏழு மணி, ஒரு பாகம், சிங்க், கேள்வி, பதில். இப்போது எந்த வாக்கியத்துக்கும் இவரிடம் பதில் இருந்தது. குப்பை மனைவி கணக்குக்கு மாறியது. அவரைக் கேட்டால் பயமாக இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். மரத்துப்போக ஊசி போட்ட உதட்டை விரலால் தொட்டால், தொடுவது விரலுக்குத் தெரியும், உதட்டுக்குத் தெரியாது. அப்படித்தான் இருந்தது.

ஆறாம் மாதக் கடைசியில் நூற்றுப்பன்னிரண்டாம் பாகத்தை பஸ்ஸில் முடித்தார். எல்லோரும் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டார்கள். வாக்கியம் இல்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தில் சரியாக இறங்கினார்.

அன்றுதான் பரீட்சையும். திரையில் ஒரு பெண் டாக்டர் தோன்றி, மேல்வரிசை முன்பல்லை ஏன் ஒரு மயிரிழை முன்னால் தள்ளி வைத்தீர்கள் என்று கேட்டாள். அந்த வாய்க்காரருக்கு உதடு உள்வாங்கியிருக்கிறது, பல் தாங்கினால் உதடு தன் இடத்துக்கு வரும், பேச்சும் தெளியும் என்று இவர் தங்கு தடையில்லாமல் விளக்கினார். எதிர்மேசைப் பெண் கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். எங்கே கற்றீர்கள் என்று அந்த டாக்டர் வியந்தபோது, "வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன், வழியில் இது வந்தது" என்றார். டாக்டர் சிரித்தாள். பல் வரிசை நன்றாக இருந்தது, சொந்தப் பல். முதலாளி கைகுலுக்கித் தலைமை மேசை உங்களுக்குத்தான் என்றார்.

மாலை விஷயத்தைச் சொன்னதும் மனைவி பெயர் சொல்லி வாழ்த்தினாள். அன்று பாகம் எதுவும் பார்க்கவில்லை. சிங்க்கில் ஒரு டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டு அவர் குழாயை மூடினார். தமிழில் கேட்டார்.

"ரெண்டு மாசம் முன்னாடி ஒண்ணு சொன்னியே. இந்த வீட்ல இருக்க விருப்பமில்லன்னு. அது எத்தனாவது பாகம்?"

அவள் டம்ளரைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "தேடுனீங்களா?"

"நூத்திப்பன்னெண்டும்."

"எல்லாத்தையுமா?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு மரியாதைகூட இருந்தது. "நான் எண்பதோட விட்டுட்டேங்க. உங்ககூட உக்காந்ததெல்லாம் சும்மா உக்காந்தது. போரடிச்சிருச்சு."

"அப்ப அந்த வாக்கியம்?" என்றார் அவர்.

"அது அதுல இல்லீங்க. நானே சேத்த வாக்கியம். நாலு நாள் ஆபீஸ்ல பார்சல் சீட்டுப் பின்னாடி எழுதி எழுதிப் பாத்தேன். தப்பு ஏதாச்சும் இருந்துச்சா?"

மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கடிக்கவைத்துக் கேட்பதுபோல அவர் அந்த வாக்கியத்தை ஒருமுறை மனசுக்குள் சொல்லிக் கேட்டார். "இல்ல. சரியாத்தான் இருந்துச்சு."

"ம்."

"தமிழ்ல சொல்லியிருக்கலாம்ல?"

"தமிழ்ல பன்னெண்டு வருஷமாச் சொல்லிப் பாத்தாச்சு. தலைவலியான்னு கேப்பீங்க."

அப்படிக் கேட்டது அவருக்கு ஞாபகம் இருந்தது. மாத்திரையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

மீதியை அவள் கணக்காகச் சொன்னாள். கூரியர் கம்பெனி வேறு ஊரில் பெரிய கிடங்கு ஒன்று திறக்கிறது. திரும்பி வரும் பார்சல்கள் எல்லாம் இனி அங்கேதான் சேரும், பொறுப்பு இவளுக்கு. இன்டர்வியூ ஆங்கிலத்தில் வைத்தார்கள், போன வாரம் தேறிவிட்டாள். கூட வேலை பார்க்கும் அக்கா ஒருத்தியோடு அறை எடுத்தாயிற்று. மகளிடம் இன்னும் சொல்லவில்லை. "கோவமெல்லாம் நெசமாவே இல்லீங்க" என்றாள். இல்லைதான். இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு முனையாவது கிடைத்திருக்கும்.

"எப்ப?" என்றார் அவர்.

"ஒண்ணாம் தேதி."

முந்நூறுக்கும் மேற்பட்ட பதில்கள் வரிசையாக வந்து, இடம் இல்லை என்று தெரிந்து, திரும்பிப் போயின. தமிழில் அவ்வளவுகூட வரவில்லை. விதி விதிதான். குப்பைப் பையில் இரண்டு காய்த்தோலும் ஒரு காகிதமும்தான் இருந்தன; எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கிப் போட்டுவிட்டு, அவசரமில்லாமல் ஏறி வந்தார்.

"பெரிய பெட்டி மேல பரண்ல கெடக்கு. எறக்கித் தரட்டுமா?"

"நாளைக்குப் பாத்துக்கலாங்க" என்றாள் அவள்.

அவர் குழாயைத் திறந்து மீதிப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தார். அவள் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.