செல்லம்மை தோணியை விட்டு இறங்கினாளா?

மக்கா, மனித குலம் இதுவரை மூன்றே மூன்று மாபெரும் பயணங்களைக் கண்டிருக்கிறது. அமெரிக்காவைக் கண்டுபிடிக்கப் போனது ஒன்று. நிலாவுக்குப் போனது ஒன்று. மூன்றாவது, போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை நான் கொட்டாரத்திலிருந்து சுசீந்திரம் வழியாகச் சிதறால் போனது. முதல் இரண்டுக்கும் செலவு கூடுதல்.

காரணம் ஒரு பாட்டு. செல்லம்மை தோணிப் பாட்டு என்றால் எங்கள் மாவட்டத்தில் பால்குடி மாறாத பிள்ளையும் எழுந்து நிற்கும். தெரியாத வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தங்கச்சியின் பேறுகாலத்துக்காக ஆற்றுக்கு அக்கரை போகிறாள் செல்லம்மை. மழை பிடிக்கிறது, ஆறு பெருகுகிறது, தோணி நின்றுபோகிறது. புருஷன்காரன் தினமும் சாயங்காலம் சிதறால் மலைமேல் ஏறி ஆற்றைப் பார்க்கிறான். ஒருநாள் ஒரு தோணி தெரிகிறது. அதில் ஒரு பெண் நிற்கிறாள். “துடுப்புச் சத்தம் கேக்குதடி, முகம் மட்டும் தெரியலியே” என்று பாடகி இழுக்கிறார். அவ்வளவுதான், பாட்டு அறுந்துவிடும்.

ஏன் அறுந்தது? அது ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் பாடிய வில்லுப்பாட்டு. யாரோ செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தபோது மழை வந்து கூட்டம் கலைந்திருக்கிறது. அந்த மகாபாவி போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டான். அந்த அரைகுறைத் துண்டுதான் ஊரெல்லாம் பரவி, அடியில் டிரம்ஸ் சேர்த்து, ஆட்டோவிலும் கல்யாண மண்டபத்திலும் காலர் டியூனிலும் ஓடுகிறது. தோணியில் வந்தவள் செல்லம்மைதானா என்று கொட்டாரம் டீக்கடையில் இரண்டு கட்சி. நான் ‘வந்துட்டா’ கட்சியின் அகில உலகத் தலைவர்.

தலைவருக்குச் சொந்தக் காரணம் உண்டு. என் மனைவி ராஜம், மகள் கவிதாவின் பேறுகாலத்துக்கு ஷார்ஜா போனாள். மூன்று மாதம் என்று போனவளுக்கு இப்போது பதினோரு மாதம். இன்னும் ஒரு வருஷம் இருக்கும்படி மகள் கேட்கிறாள். அவளுக்கு வேலை, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. நியாயம்தான். ராஜம் இன்னும் பதில் சொல்லவில்லை. நானும் ‘வா’ என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? பேத்திக்கு எதிராக ஓட்டுப் போட எந்தத் தாத்தாவுக்குத் துணிச்சல் வரும்?

ஆனால் அவளும் அந்தப் பாட்டைத்தான் அங்கே ஓயாமல் கேட்கிறாளாம். புதன்கிழமை போனில், “அவ எறங்குனாளா இல்லியான்னு கேட்டுச் சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் ஒரு முடிவு சொல்லுதேன்” என்றாள். விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ. நான் வியாழக்கிழமை காலையிலேயே வேட்டியை மடித்துக்கட்டிவிட்டேன்.

7.40-க்குக் கொட்டாரத்தில் பஸ். பாடகியின் ஊரான சுசீந்திரம் ஏழு கிலோமீட்டர், பத்து ரூபாய். வயல் பச்சை கண்ணைக் குத்தும், ஆகையால் இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். கோயில் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் பாடகி வீட்டைக் கேட்டேன்.

“தோணிப் பாட்டுக்காரி வீடா? நேரா போயி வலத்த திரும்புங்க. முடிவு கேக்கத்தான போறிய?”

“ஆமா.”

“எல்லாரும் அதுக்குத்தான் போறாவ. வெறுங்கையோடதான் வாறாவ.”

பாடகியைப் புலவர் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். என் வயதுதான் இருக்கும். கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். சுவரோரம் வில்லைப் பழைய சேலையால் மூடி வைத்திருந்தார். நான் நீட்டிய மட்டிப்பழச் சீப்பை வாங்கிக்கொண்டு, “இரும்” என்றார். நான் எங்கள் கட்சியின் கொள்கை, கோட்பாடு, எதிர்க்கட்சியின் அராஜகம் எல்லாவற்றையும் விளக்கினேன்.

“உமக்கு ஆமா போடத் தெரியுமா?” என்று கேட்டார். வில்லுப்பாட்டில் தலைவர் ஒரு வரி சொல்ல, பின்னால் இருப்பவர் ‘ஆமா’ போட வேண்டும். அதைக் கேட்கிறார்.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து அது ஒண்ணுதான் தெரியும், புலவரே.”

சிரித்தார். கை இன்னும் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தது. “கதை முடிஞ்ச கையோட வாழி பாடணும். ஊரு வாழ, கேட்டவிய வாழன்னு. எங்க குருநாதர் முடிவையும் வாழியையும் ஒத்தப் பாட்டாத்தான் சொல்லித் தந்தாரு. முடிவ மட்டும் பிச்சுத் தர முடியாது.”

“அப்ப வாழியையும் சேத்துப் பாடுங்க. நான் போன்ல பிடிச்சு அனுப்புதேன்.”

“கேட்டது யாரு? நீரா, உம்ம வீட்டம்மாவா?”

“அவதான்.”

“அவ எங்க இருக்கா?”

“ஷார்ஜால.”

“முன்னால இல்லாத ஆளுக்கு எப்படி ஓய் வாழி பாட? பங்குனி கடைசிச் செவ்வா இங்க அம்மன் கோயில்ல கொடை. முழுக்கதையும் பாடுதேன். கூட்டிட்டு வாரும்.”

கெஞ்சினேன். எதிர்க்கட்சிக்கு மாறிவிடுவேன் என்று மிரட்டிக்கூடப் பார்த்தேன். அவர் துணியை உதறிக் கொடியில் போட்டார். தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. பேச்சுவார்த்தை முறிந்தது.

வெறுங்கையோடு வீடு திரும்ப மனமில்லை. செல்லம்மையின் புருஷன் நின்ற இடத்தையாவது பார்த்துவிடுவோம் என்று நாகர்கோவில் போய், வடசேரியில் பஸ் ஏறி, முப்பத்திரண்டு கிலோமீட்டர் தாண்டி மார்த்தாண்டம் சேர்ந்தேன். சாலையைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. என் விலா எலும்புகள் அன்று இடம் மாறி உட்கார்ந்தன, இன்னும் திரும்பவில்லை. அங்கிருந்து சிதறால் ஏழு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். ஏறி உட்கார்ந்ததும் அதே பாட்டு.

“தம்பி, அவ வந்தாளா இல்லியா? நீ என்ன சொல்லுத?”

“வரேல்ல, அண்ணே.” எதிர்க்கட்சி! அதுவும் எங்கள் கோட்டைக்குள்! “வந்திட்டா பின்ன பாட்டு எதுக்கு?”

இறங்கும்வரை யோசித்தேன். இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மலைக்குக் கல் பாவிய பாதை, இருபுறமும் முந்திரி காய்க்கும் கொல்லாமரங்கள். இளைஞர்களுக்கு இருபது நிமிடம். எனக்கு ஒரு யுகமும் கொஞ்சமும். மேலே பாறையைக் குடைந்த சமணக் கோயில், வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் ஆசையை விட்டவர்கள். நான் அந்த ரகம் இல்லை. இன்னும் கொஞ்சம் ஏறிப் பாறை உச்சிக்குப் போனேன். கீழே தென்னந்தோப்பைக் கிழித்துக்கொண்டு ஆறு வளைந்து கிடந்தது. தோணி எதுவும் இல்லை. காற்று மட்டும் வேட்டியைப் பிடித்து இழுத்தது.

ராஜத்துக்கு வீடியோ கால் போட்டேன். இடுப்பில் பேத்தியோடு வந்தாள். ஆற்றைக் காட்டினேன். ஏறும்போதே மனதுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தேன்.

“ஏட்டி, கேட்டாச்சு. செல்லம்மை எறங்கிட்டா. புருஷன் ஓடிப் போயி பெட்டிய வாங்கிட்டான்.”

“அந்தக் காலத்துல பெட்டியா? உங்களுக்குப் பொய் சொல்ல வந்தா குரலு மூக்கு வழியா வரும். உள்ளதைச் சொல்லுங்க.”

சொன்னேன். புலவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் மிகைப்படுத்தாமல் நான் பேசியது அது ஒன்றுதான். பேத்தி போனைப் பிடுங்கப் பார்த்தது. ராஜம் அதன் கையை மெல்ல விலக்கிவிட்டு, “கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க” என்றாள். திருப்பினேன். ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பங்குனில பிள்ளைக்கு ஒரு வயசு ஆயிரும்லா” என்றாள் கடைசியில்.

“ஆமா.”

“செவ்வாக்கிழமையா?”

“ஆமா.”

“வெயில்ல நிக்காதீங்க. எறங்குங்க.” வைத்துவிட்டாள்.

சரி, போகிறவர்களுக்குச் சில யோசனைகள். மலைமேல் கடை கிடையாது, தண்ணீர் கொண்டு போங்கள். மாலை ஐந்து மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது. பாறை உச்சியில் செல்போன் சிக்னல் பிரமாதம். திரும்பும்போது மார்த்தாண்டத்தில் தேன் வாங்கலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கவிதாவிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. “அப்பா, அங்க இருந்து என்ன மந்திரம் போட்டீங்க? அம்மா பரண்லேருந்து பெட்டிய எடுத்துத் தொடச்சு பால்கனில வெயிலுக்கு வச்சிருக்கா. கேட்டா, கொடை பாத்துட்டு வந்து மத்தத பேசிக்கலாம்ங்கா. இனி இங்க பிள்ளைக்கு ஆள் பாக்கணும், போங்க.” கோபமா சிரிப்பா என்று பிரித்தறிய முடியவில்லை. ஏழு தடவை கேட்டேன்.

ஆகவே கடைசி யோசனை. பங்குனிக் கொடைக்கு வருகிறவர்கள் முன்னாடியே வந்து இடம் பிடியுங்கள், கூட்டம் கடல்போல் இருக்கும். போனைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருங்கள். முன்வரிசையில் நீலக்கரை போட்ட கோரைப்பாய் ஒன்று விரித்திருக்கும். அதற்கு முன்னால் மட்டும் யாரும் உட்காராதீர்கள், மக்கா. ராஜத்துக்கு மறைக்கும்.