பேரையூர் வழியாக இலங்கை

எங்கள் மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் வரைக்கும் எங்களுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் ஒரு சின்ன மனஸ்தாபம்கூட வந்ததில்லை. கேட்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்பார்கள். அந்த மரியாதையில் எங்களுக்கு மூச்சு முட்டியது வெளியே தெரியாது.

அதற்குக் காரணம் இருந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள், செல்லூரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அதே பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் இன்னும் வேலை பார்க்கிறேன். சம்பந்தி வீட்டார் திருமங்கலம் பக்கம் தலைமுறையாக விவசாயம் பார்க்கிற குடும்பம்; மெயின் ரோட்டில் பம்புசெட்டும் பைப்பும் விற்கிற கடையும் உண்டு. பிள்ளைகள் பெங்களூரில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்து, தாங்களே முடிவு செய்துகொண்ட கல்யாணம். ஆரம்பத்தில் இரண்டு வீட்டிலும் முணுமுணுப்பு இருந்து, பிறகு அடங்கியது. அடங்கினது மறுபடி கிளம்பிவிடக் கூடாதே என்று பெரியவர்கள் நாலு பேரும் பயந்து பயந்து பழகினோம். அவர்கள் வீட்டுக்குப் போனால் நாங்கள் உட்காராமல் அவர்கள் உட்கார மாட்டார்கள். அவர்கள் உட்காராமல் நாங்கள் எப்படி உட்காருவது? நாலு பேரும் நின்றுகொண்டே காப்பி குடித்ததெல்லாம் உண்டு.

இந்த லட்சணத்தில்தான் மகளும் மருமகனும் ஒருநாள் போனில் அந்த யோசனையைச் சொன்னார்கள்.

"நாலு பேரும் சேந்து இலங்கை போயிட்டு வாங்கம்மா. மதுரையில இருந்தே பிளேன் இருக்கு. அங்க ஒரு கார எடுத்துக்கிட்டு ஒரு வாரம் சுத்துங்க. சின்ன நாடு. மலை, அருவி, கடல் எல்லாம் பக்கத்துல பக்கத்துல."

"அவங்களுக்குச் சம்மதம்னா எங்களுக்கும் சம்மதம்" என்றார் என் வீட்டுக்காரர். அங்கேயும் அச்சு அசலாக இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒருத்தர் சம்மதத்துக்காக இன்னொருத்தர் சம்மதித்து, பயணம் உறுதியாகிவிட்டது.

திட்டம் போடச் சம்பந்தியும் மதினியும் செல்லூருக்கு வந்தார்கள். சம்பந்தியின் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன், அவரை அண்ணே என்பேன். எங்கள் தெருவுக்குள் கார் நுழையாது. மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு இரண்டு பேரும் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார்கள். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் எதையும் கொஞ்சம் சத்தமாகத்தான் பேச வேண்டும். அவர்களோ மரியாதைக்கு மெதுவாகப் பேசுகிறவர்கள். பாதிப் பேச்சுக்குத் தலையை மட்டும் ஆட்டிவைத்தோம்.

என் வீட்டுக்காரர் பெரிய வரைபடம் ஒன்றைத் தரையில் விரித்தார். நான் போக ஆசைப்பட்ட இடம் ஒன்று இருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற ரயிலைப் போனில் எத்தனையோ தடவை பார்த்து ஏங்கியிருக்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "மொதல்ல கதிர்காமம்" என்று பென்சிலால் வட்டம் போட்டார்.

சம்பந்தி பதறிவிட்டார். "இல்ல இல்ல சம்பந்தி, மொதல்ல மடு மாதா கோயிலு. அங்கன போகாம எப்புடி?"

"அப்ப திருக்கோணேஸ்வரம்?"

"அதுக்குப் பக்கத்துல சர்ச் எதுவும் இருக்கான்னு பாருங்க."

ஒரு கோயிலுக்கு ஒரு சர்ச், ஒரு சர்ச்சுக்கு ஒரு கோயில் என்று இவர் ஒன்றை விட்டுக்கொடுக்க, அவர் இரண்டை விட்டுக்கொடுத்தார். மதினியும் நானும் சிரித்த முகத்தோடு அதிரசம் பரிமாறிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் திட்டத்தை நான் சுத்தமாக எழுதி முடித்தபோது, நாலு பேரும் ஏதோ நேர்த்திக்கடன் பட்டவர்கள் மாதிரி இருந்தது. அருவி ஒன்றுகூட இல்லை.

டிரைவர் வேண்டாம் என்பதில் மட்டும் சம்பந்தி உறுதியாக இருந்தார். "அங்கயும் இடது பக்கந்தான ஓட்டுறாக? நானே ஓட்டுறேன். பர்மிட்டு எழுதிப்போட்டு வாங்கிக்கலாம்." அப்புறம் கொஞ்சம் யோசித்து, "ஒரு தடவ நாலு பேரும் ஒரே வண்டியில இங்கனக்குள்ளயே போயிப் பாப்பமா? ஒரு ஒத்திகை மாதிரி" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் பாதையே போட்டுவிட்டார்: செல்லூரில் கிளம்பி, திருமங்கலம், டி. கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி, திரும்ப மதுரை. தெரியாத நாட்டில் போவது போலவே போக வேண்டும் என்று நிபந்தனை. இவர் வழி சொல்வார், சம்பந்தி ஓட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து கிளம்பினோம். முன் சீட்டில் யார் உட்காருவது என்பதிலேயே கொஞ்ச நேரம் போனது. "நீங்க உக்காருங்க மதினி." "அய்யோ, நீங்க உக்காருங்க." கடைசியில் வரைபடம் வைத்திருக்கிறவர்தான் முன்னால் உட்கார வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஏறிக்கொண்டார்.

திருமங்கலம் தாண்டியதும் எனக்கு டீ தாகம். எனக்கு மட்டுமா என்று தெரியவில்லை. சம்பந்தி ஒரு கடையைப் பார்த்து வண்டியை மெதுவாக்கினார். "டீ குடிக்கிறீங்களா சம்பந்தி?"

"உங்களுக்கு வேணும்னா நிறுத்துங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க சொன்னாத்தான்."

"எனக்கும் அவசரமில்ல."

கடை போய்விட்டது. அடுத்த கடையிலும் இதே பேச்சு. டி. கல்லுப்பட்டி வருவதற்குள் நல்ல கொதிக்கிற டீக்கடைகளாக எத்தனையோ எங்களைக் கடந்து பின்னால் போயின. ஏசிக் காற்று நேராக என் மூஞ்சியில் அடித்தது. மதினிக்கு வேர்க்கிறதோ என்னவோ என்று நான் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவரும் போர்த்திக்கொண்டுதான் இருந்தார். பெட்ரோல் பங்கு ஒன்று வந்தது. பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்ல இரண்டு பேருக்குமே கூச்சம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டோம்.

டி. கல்லுப்பட்டியில் திரும்பிப் பேரையூருக்குப் போகும் வழியில் ரோடு ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. சம்பந்தி யோசிக்காமல் இடது பக்கம் விட்டார். என் வீட்டுக்காரர் விரலைத் தூக்கினார், வாயைத் திறந்தார், பிறகு விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் இருந்து நான் நன்றாகப் பார்த்தேன். முப்பது வருஷம் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றின மனுஷன்.

தார் ரோடு கொஞ்ச தூரத்தில் சரளையானது. பிறகு சரளையும் போய் மண். இரண்டு பக்கமும் மக்காச்சோளம். பிறகு ஒரு பக்கச் சோளம் மறைந்து அங்கே தண்ணீர் தெரிந்தது. கண்மாய்க் கரை மேல் போய்க்கொண்டிருந்தோம். வண்டி அகலத்துக்குத்தான் பாதை. கடைசியில் கருவேல மரம் ஒன்று குறுக்கே சாய்ந்து கிடந்தது. அதற்கு மேல் வழியில்லை.

"குறுக்கு வழின்னு நெனச்சேன்" என்றார் சம்பந்தி.

"நல்ல காத்து வருது" என்றார் என் வீட்டுக்காரர்.

திரும்ப இடமில்லை, பின்னாலேயே எடுக்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் இறங்கி நின்று வழி சொன்னோம். "வாங்க வாங்க, கொஞ்சம் ரைட்ல வாங்க" என்றார் என் வீட்டுக்காரர். "லெப்ட்ல ஒடிங்கண்ணே" என்றேன் நான். மதினி ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் ஆட்டினார். அது வா என்பதா, நில் என்பதா என்று யாருக்கும் புரியவில்லை. வண்டி பின்னால் வந்தது. வந்துகொண்டே இருந்தது. பின் சக்கரம் கரையின் விளிம்புக்கு வந்து மண் பொலபொலவென்று தண்ணீருக்குள் சரிந்தது.

"யோவ்! நிறுத்துய்யா! கண்மாய்க்குள்ள விடப் போற!"

கத்தினது என் வீட்டுக்காரர். வண்டி நின்றது. கொக்கு ஒன்று கரையிலிருந்து எழும்பிப் போனது. அதன் சிறகுச் சத்தம்கூடக் கேட்டது எனக்கு. சம்பந்தியை இவர் அதுவரை வாங்க, போங்க என்பதற்குக் கீழே இறங்கிப் பேசினதே இல்லை.

சம்பந்தி கதவைத் திறந்து இறங்கினார். பின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஏன்யா, தப்பான ரோட்டுல திரும்புறேன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன்யா சொல்லல?"

"சொன்னா நீ கோவிச்சுக்குவேன்னுதான்!"

"கண்மாயில விழுந்தா மட்டும் கோவிச்சுக்க மாட்டனா?"

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் அந்தக் கரை மேல் வந்து கொட்டியது. டீக்கடையில் நிறுத்தாததற்கு இவர் அவரைத் திட்டினார். கேட்டால் வாய் திறந்து சொல்லாததற்கு அவர் இவரைத் திட்டினார். ஏசியால் என் காது விறைத்துப்போனதை நான் சொன்னேன். "எனக்குந்தான் விறைச்சுப்போச்சு, ஒங்களுக்காகப் பொறுத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் மதினி. அவருக்குக் கோபம் தலைக்கேறி, திட்டத்தின் மேலேயே பாய்ந்துவிட்டார்.

"அந்தக் கதிர்காமத்த யாரு கேட்டா? நான் கேட்டனா?"

"மடு மாதாவ மட்டும் நாங்க கேட்டோமா மதினி?" என்றேன் நான்.

என் வீட்டுக்காரர் திகைத்தார். "நீங்க சாமி கும்பிடுறவங்கன்னு..."

"கும்புடுறேந்தான். இங்கன அம்புட்டுச் சாமி இருக்கையில பிளேன் ஏறிப் போயியும் கும்புடணுமாக்கும்? எனக்குத் திமிங்கலம் பாக்கணும்ண்ணே!"

நாங்கள் மூன்று பேரும் அவரைப் பார்த்தோம். சம்பந்தி முகத்தில்தான் ஆச்சரியம் அதிகம். "திமிங்கலமா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"கேட்டாத்தான சொல்ல? அங்க கடல்ல படகுல கூட்டிட்டுப் போயி காட்டுறாகளாம். டிவியில பாத்தேன்."

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். ஒத்திகை எப்படிப் போகிறது என்று கேட்பதற்குள் பின்னால் கேட்ட சத்தம் அவள் காதில் விழுந்துவிட்டது. "என்னம்மா, சண்டையா?" என்றாள்.

"ஆமா" என்றேன். ஏனோ எனக்குச் சிரிப்பு வந்தது. "நல்லாப் போட்டுக்கிட்டு இருக்கோம். அப்பறம் பேசுறேன்."

அவள் அரண்டுபோய் மருமகனிடம் சொல்ல, அவர் தன் அப்பாவுக்குப் போன் போட, சம்பந்தி அதை எடுத்து, "ஒரு முக்கியமான பேச்சுல இருக்கோம்டா" என்று வைத்துவிட்டார். எனக்கு வந்த சிரிப்பு முதலில் மதினிக்குத் தொற்றியது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு ஆம்பளைகள் இரண்டு பேரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். மதினியும் நானும் முதல் வேலையாகச் சோளக்காட்டுக்குள் போய் எங்கள் அவசரத்தைத் தீர்த்துக்கொண்டு வந்தோம்.

மர நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். மதினி கட்டிவந்த புளியோதரையும் நான் கொண்டுபோன அவித்த முட்டையும் சேர்ந்து போயின. சாப்பிட்டுக்கொண்டே அவரவர் ஆசையைச் சொன்னோம். சம்பந்திக்கு யானைக் கூட்டம் பார்க்க வேண்டும். கட்டிப்போட்ட யானை இல்லை, காட்டில் திரிகிற யானை. என் வீட்டுக்காரருக்குக் காலி என்கிற ஊரில் கோட்டைச் சுவர் மேல் நின்று பக்கத்தில் இருக்கிற கிரிக்கெட் மைதானத்தைப் பார்க்க வேண்டுமாம். முப்பது வருஷம் கூட வாழ்ந்தும் எனக்கு அது தெரியாது. நான் என் ரயிலைச் சொன்னேன். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

வண்டியை எடுக்க ஒரு ஏற்பாடு செய்தோம். மதினி மட்டும் பேச வேண்டும், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவரும், "வா... வா... நில்லுங்குறேன்ல!" என்று புருஷனை அதட்டி அதட்டியே சரளை ரோடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். பேரையூரில் முதல் டீக்கடையிலேயே நிறுத்தினோம். சம்பந்திக்கு டீயில் சீனி பத்தவில்லை, என் வீட்டுக்காரருக்குக் கூடிப்போயிற்று. இரண்டு பேரும் கிளாஸை மாற்றிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு திட்டம் போட்ட வாரங்களில் எங்கள் வீட்டு போன் ஓயவில்லை. "மாப்ள, கண்டியில ரெண்டு நாளு எதுக்கு?" என்று சம்பந்தி ஆரம்பிப்பார். "மலையேறினா இறங்க வேண்டாமாய்யா?" என்று இவர் சீறுவார். பெரிய சண்டை என் ரயிலால்தான் வந்தது. நாலு பேரும் ரயிலில் போனால் காரை யார் ஓட்டிவருவது? சம்பந்தி தனக்கும் ரயில் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை முறிந்து கிடந்தது. கடைசியில் எல்ல என்கிற ஊரில் காரை நிறுத்திவிட்டு, நாலு பேரும் ரயிலில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வருவது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். கோயில்களும் சர்ச்சுகளும் ஒவ்வொன்றாகக் கழன்று, வழியில் எது வருகிறதோ அது என்று ஆனது.

பொங்கல் லீவில் போனோம். போய் வந்த கதையைச் சொன்னால் நீளும். திமிங்கலம் வந்தது, மதினிக்குப் படகில் தலை சுற்றியதால் வாலைத்தான் பார்த்தார், அதுவே போதும் என்றார். யானைக் கூட்டத்தைச் சம்பந்தி குட்டிகளோடு சேர்த்து இரண்டு தடவை எண்ணினார். முதல் நாள் காலையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

நீர்கொழும்பில் தங்கியிருந்த லாட்ஜின் கேட்டிலிருந்து வெளியே வந்ததும் வலப்பக்கமா, இடப்பக்கமா என்று ஆம்பளைகள் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்தது. இவர் போனை ஆட்டினார். அவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். மதினி என்னை இடித்துக் கண்ணைக் காட்டினார். எதிரே ஒரு சின்னக் கடையில் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இறங்கி ரோட்டைத் தாண்டிப் போய், ஓரம் முறுகலாக வெந்து நடுவில் முட்டை உடைத்து ஊற்றின ஆப்பத்தைச் சூடாக வாங்கித் தின்றோம். இன்னொன்று கேட்டு வாங்கினோம். அவர்கள் எந்தப் பக்கம் என்று முடிவுசெய்து ஹாரன் அடித்தபோது, மதினி கையைக் காட்டிப் பொறுக்கச் சொல்லிவிட்டு மூன்றாவதுக்குச் சொன்னார்.