பொய்ச் சுளுக்குக்காரனுடன் முதல் ஆட்டம்

தை மாதத்து முதல் ஆட்டத்திலேயே எங்கள் ஊர்க் கபடி அணி மண்ணைக் கவ்வியது. ஏன் தோற்றீர்கள் என்று ஆடியவர்களைக் கேட்டால் வெயில் என்பார்கள், நடுவர் என்பார்கள், களத்தில் புதுமண் கொட்டியதால் கால் வழுக்கியது என்பார்கள். எல்லாம் சப்பைக்கட்டு. உண்மையான காரணம் எனக்குத் தெரியும்.

கீரனூர்ப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். அணியில் பாதிப் பேருக்குக் காலைப் பலகாரம் என் கடையில்தான். ஆட்டம் என்றால் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டுக் களத்தின் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். யார் எந்தக் காலைத் தூக்கினால் எந்தப் பக்கம் பாய்வான் என்பது எனக்கு அத்துப்படி. எல்லை தாண்டினால் நடுவருக்கு முன்னால் நான் கத்திவிடுவேன்.

அன்று எதிரே வந்து நின்றது தொப்பம்பட்டிக்கு அந்தப் பக்கத்து ஊர் அணி. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் வந்திருந்தானே, அவன் மேல்தான் ஒரு வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் வரை அவன் எங்கள் ஆள். எங்கள் அணியில் முதலில் கபடி பாடி எதிர்க் களத்துக்குள் போகிறவன் அவன்தான். போனால் தொடாமல் திரும்ப மாட்டான். கடைசி ஆட்டத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது நொண்டிக்கொண்டு கடைக்கு வந்தான். கணுக்கால் சுளுக்கிவிட்டது என்றான்.

நான் காலோடு பிறந்தவள். தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து பிறந்தவர்கள் கையால் வழித்துவிட்டால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் எப்போதும் ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய் இருக்கும். தக்காளிக் கூடை தூக்குகிறவர்கள், தென்னை ஏறுகிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். அதற்காக யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. வலி நின்றுவிட்டது என்று மறுநாள் வந்து சொன்னால் போதும், அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியாது.

அவனுக்குக் காலையும் மாலையும் வழித்துவிட்டேன். வீக்கமே இல்லையே என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. "இன்னும் வலிக்குதுங்க்கா" என்று முகத்தைச் சுளித்தான். நம்பினேன். கடைசி ஆட்டத்தன்று அவன் காலை நீட்டியபடி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கோப்பை கைநழுவிப் போயிற்று. அடுத்த வாரமே தொப்பம்பட்டிக்கு அந்தப் பக்கத்து அணியில் மான் போலத் துள்ளிக்கொண்டிருந்தான்.

போனவன் சும்மா போயிருக்கலாம். அந்த ஊர் வைத்தியர் ஒருவர் ஒரே நாளில் சுளுக்கை எடுத்துவிட்டார், அந்த நன்றிக்குத்தான் அங்கே ஆடுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தான். "அந்தக்காவுக்கு முன்ன மாதிரி கை ராசி இல்ல" என்றும் சேர்த்துச் சொன்னான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு சுளுக்கென்று என் கடைக்கு வந்தவர்கள் அபூர்வம். எதிரணி ஊர் வைத்தியரிடம் போக மானம் தடுத்ததோ என்னவோ, பக்கத்துத் தெருக்காரர்கள்கூட என் கண்ணெதிரே நொண்டிக்கொண்டே பழனிக்குப் பேருந்து ஏறினார்கள். எண்ணெய்க் கிண்ணத்தில் ஈ விழுந்து கிடந்தது.

ஆகவே, முதல் ஆட்டமே அவர்களோடுதான் என்று தெரிந்ததும் கடையில் ஒரு அறிவிப்புச் செய்தேன். அவனைப் பிடித்துச் சாய்க்கிறவனுக்கு ஒரு மாதம் கறிதோசை என் செலவு. பையன்களின் கண்கள் மின்னின. அவர்களுக்கும் அவன் மேல் கோபம்தான். நான் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினேன், அவ்வளவுதான்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். விசில் ஊதியதிலிருந்து எங்கள் ஏழு பேரும் அவன் ஒருவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பாடி வந்தால் கைகோத்து நின்று வளைக்க வேண்டும். அதுதான் அடிப்படை. இவர்களோ ஆளாளுக்குக் கையை உதறிவிட்டுத் தனித்தனியாகப் பாய்ந்தார்கள். அவன் இடுப்பை ஒரு வெட்டு வெட்டித் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். இடது மூலையில் நிற்கிறவன் மூன்று முறை அவன் காலென்று நினைத்துத் தன் கூட்டாளியின் காலைக் கட்டிப்பிடித்தான். கறிதோசை ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அதைவிடக் கொடுமை, அவர்கள் அணியில் ஒரு ஒல்லிக்குச்சி இருந்தான். யாரும் அவனைச் சட்டை பண்ணவில்லை. அவன் பாடி வரும்போதுகூட எங்கள் ஆட்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் நிற்கிற துரோகியை முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒல்லிக்குச்சி காலை நீட்டி நீட்டித் தொட்டுப் புள்ளிகளை அள்ளிக்கொண்டு போனான். "டேய், முன்னால பாருங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எங்கள் கேப்டனுக்கு முட்டி வலி, அவர் குனிவதற்குள் எதிராளி வீடு போய்ச் சேர்ந்துவிடுவான். அவரைப் பற்றி இதற்கு மேல் பேச விரும்பவில்லை.

ஆட்டம் முடிகிற நேரத்தில் ஒருவழியாக அவனைப் பிடித்தார்கள். இரண்டு பேர் காலைக் கட்ட, மிச்சமிருந்தவர்கள் மேலே விழுந்தார்கள். மூச்சு விட்டு அவன் அடங்கியதும் களமே அதிர்ந்தது. தொடை தட்டினார்கள், ஒருவரையொருவர் தோளில் தூக்கினார்கள், ஓரத்தில் மேளம் வேறு. நானும் நாற்காலி மேல் ஏறி நின்று முந்தானையைச் சுற்றினேன். எங்கள் முறைக்குப் பாடிப் போக வேண்டியவனும் அந்தக் கும்மாளத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தான். நடுவர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசில் ஊதி எங்கள் முறையைப் பறித்துக்கொண்டார். அத்தோடு ஆட்டமும் போயிற்று. தோற்றவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஜெயித்தவர்கள் என்ன நடக்கிறதென்று புரியாமல் நின்றார்கள்.

எனக்கு மட்டும் ஆறவில்லை. களத்தில் அவனைச் சாய்த்ததால் என் கையின் பேர் திரும்பி வந்துவிடுமா?

வெளியூர் அணிக்கு உள்ளூர்தான் சாப்பாடு போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று பொழுது சாயும்போது இரண்டு அணியும் என் கடையில் எதிரும் புதிருமாக இலை முன் உட்கார்ந்தன. அவனும் தலையைக் குனிந்துகொண்டு ஓரத்தில் உட்கார்ந்தான். நான் அவனுக்குத்தான் முதலில் சோறு வைத்தேன். கறியும் நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டேன். என் கணவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அந்த ஊருக்குப் பால்வண்டி ஓட்டுகிறவர் கார்த்திகை மாதமே என்னிடம் ஒரு செய்தி சொல்லியிருந்தார். அதை யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் போய்ச் சொன்னால் பொறாமையில் பேசுகிறாள் என்பார்கள். அது அந்த ஊர்க்காரன் வாயிலிருந்துதான் வர வேண்டும், எங்கள் ஊர்க்காரர்கள் காதில் விழ வேண்டும்.

அவர்கள் கேப்டனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டேன். "ஏனுங் தம்பி, உங்கூர் வைத்தியர் சௌக்கியமாங்க?"

"எந்த வைத்தியருங்க்கா?"

"சுளுக்கு எடுக்கறவருங்க. நம்ம தம்பி காலை ஒரே நாள்ல நேர் பண்ணிவிட்டாராமே. பாத்தா ஒரு கும்பிடு போட்டுக்கலாம்னு இருந்தேன்."

"எங்கூர்ல ஏதுங்க்கா வைத்தியரு? சுளுக்குன்னா நாங்க தாராபுரத்துக்கல்ல ஓடறோம். இவனுக்கெங்க சுளுக்குச்சு? வந்த அன்னிக்கே குதிச்சு ஆடுனானுங்களே!"

எங்கள் கேப்டன் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டார். "அப்ப எங்ககூட ஏன்டா எறங்கல?" என்று கேட்டார். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவனுடைய புது ஊர்க்காரர்களும் அவனைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. நாளைக்கு நமக்கும் இதைத்தானே செய்வான் என்று ஒவ்வொருவரும் யோசித்திருப்பார்கள்.

"பேசாம சாப்புடு கண்ணு. இன்னுங் கொஞ்சம் கறி வைக்கட்டா?" என்றேன். அவன் பாதி இலையில் எழுந்து கை கழுவப் போனான். எனக்குப் பாவமாகவே இல்லை. தித்தித்தது.

எல்லாரும் வேனில் ஏறும்போது அவர்கள் கேப்டன் மட்டும் வாசலில் தயங்கினார். "அக்கா, நீங்க சுளுக்கு வழிப்பீங்கன்னு இப்பத்தான் சொன்னாங்க. எனக்கும் இந்தக் கணுக்கால் ரெண்டு நாளா பிடிச்சாப்பல இருக்குதுங்க. செத்த பாக்கறீங்களா?" என்றார்.

எங்கள் ஊர்க்காரர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னேன். அவர் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். வேன் ஜன்னலோரத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். கேப்டன் ஏறாமல் வண்டி கிளம்பாது. நான் அவசரப்படாமல் வழித்துவிட்டேன்.