ஆடியில் சிவந்த என் வலது கண்

என் வலது கண்ணில் மாரியம்மன் இறங்கியிருக்கிறாள் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள் அன்பர்களே. நானே இப்போதுதான் சிரிக்கிறேன்.

கச்சிராயபாளையம் பக்கம் எனக்குக் கரும்பு. போன வருஷம் ஆடி மாதம், கூழ் ஊற்றுவதற்கு முந்தைய வாரம், தோட்டத்தில் சோகை, அதாவது காய்ந்த கரும்பு இலை, உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சோகை சடாரென்று வலது கண்ணைக் கீறியது. துண்டால் தேய்த்துவிட்டு வேலையைப் பார்த்தேன். சில நாளில் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. ஆடி மாதம், கூழ் வாரம், சிவந்த கண். ஆத்தாதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அம்மை கண்ட வீட்டில் என்னென்ன செய்வோமோ அத்தனையும் செய்தேன். வாசலில் வேப்பிலை செருகினேன். வீட்டில் யாரும் தாளிக்கக் கூடாது என்றேன். மருந்து தொட்டால் ஆத்தா கோபிப்பாள் என்று பாயில் படுத்துவிட்டேன்.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். என் இடது கண் சின்ன வயதிலேயே கிட்டிப்புள் பட்டுப் போய்விட்டது. எனக்கு இருந்ததே இந்த ஒரு கண்தான்.

கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. வலி மண்டையைப் பிளந்தது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால், எதிரே கல்வராயன் மலையைக் காணோம்.

"மல்லிகா, மழ வருதா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"வெயிலு கொளுத்துது மாமா."

பயந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன். "ஆத்தா, மாட்டை எடுத்துக்கோ, கரும்பை எடுத்துக்கோ, கண்ணை விட்டுடு" என்று பேரம் பேசினேன். மல்லிகா போய் எங்கள் கோயில் பூசாரியைக் கூட்டிவந்தாள். அவர் என் இமையைப் பிரித்துப் பார்த்தார்.

"உடம்புல முத்து எங்கடா?"

"உள்ளுக்குள்ள இருக்கும்ங்க."

"ஒத்தக் கண்ணுல வந்து குந்திக்கினு இருக்க ஆத்தாவுக்கு வேற வேலை இல்லியா? அவ பேரக் கெடுக்காத. எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போ."

போகிற வழியில் மல்லிகா சொன்னாள்: "நீ கண்ணக் குடுன்னு வேண்டிக்கின. நான் உனக்குப் புத்தியக் குடுன்னு வேண்டிக்கினேன். ஆத்தா என் பேச்சத்தான் மொதல்ல கேட்டா."

கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மா இல்லீங்களா?"

"வருவாங்க ஐயா. நான் ஆப்டோமெட்ரிஸ்ட். கண் பரிசோதிக்கற படிப்பு முடிச்சிட்டு, கண் நோய்க்கும் கான்டாக்ட் லென்ஸுக்கும் மேல்பயிற்சி எடுத்துக்கினு இருக்கேன்."

பயிற்சியா! மிச்சமிருக்கும் ஒரே கண்ணையும் ஒரு பரீட்சைக்குக் கொடுத்தாயிற்று என்று நினைத்தேன். முகவாயை மெஷினில் வைத்தால் பல் தடதடக்கிறது, மெஷினே ஆடுகிறது.

"நீங்க ஆடினா நான் எப்படிங்க பாக்கறது?"

"நான் ஆடலம்மா. ஆத்தா ஆடறா."

"அவங்களையும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே பார்த்தவள் திடீரென்று மெஷினை இன்னும் கிட்டே நகர்த்தினாள். கண்ணில் இலை, தழை எதுவும் பட்டதா என்று கேட்டாள். சோகையைச் சொன்னேன். கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டேனா என்றாள். இல்லை என்றேன். "நல்லவேளை, தப்பான மருந்து விட்டிருந்தா இன்னும் மோசமாயிருக்கும்" என்று எழுந்து போய்ப் பெரிய டாக்டரிடம் சொன்னாள்: "புண்ணோட ஓரம் இறகு மாதிரி பிசிறா இருக்கு மேடம். பூஞ்சையா இருக்குமோன்னு தோணுது."

டாக்டரும் பார்த்தார். புண்ணைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். மரத்துப்போக மருந்து விட்டார்கள். கருவிகள் உரசும் சத்தம் கேட்டது. அப்போது நான் வேண்டியது இவ்வளவுதான்: "தாயே, என் கண்ணில் நீ இருந்தது போதும். இந்தப் பெண்ணின் கண்ணில் போய் உட்கார், அவள் சரியாகப் பார்க்கட்டும்."

சோதனையில் பூஞ்சை என்றே வந்தது. விழித்திருந்த நேரமெல்லாம் மணிக்கொரு தடவை மல்லிகா சொட்டு விட்டாள். வாரக்கணக்கில் இழுத்துத்தான் புண் ஆறியது. ஆனால் கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. எந்தக் கண்ணாடி போட்டாலும் எல்லாம் கலங்கிய குட்டைதான். தழும்பு நன்றாக ஆறட்டும் என்று மாதக்கணக்கில் காக்க வைத்த அதே பெண், பிறகு ஒருநாள் கண்மேலேயே வைக்கிற கெட்டியான ஒரு கான்டாக்ட் லென்ஸை எடுத்துவந்தாள். எனக்கு அடுத்த பயம் கிளம்பியது.

"அது பின்னாடி நழுவி மூளையில சிக்கிக்கிச்சுன்னா?"

"சிக்கறதுக்கு அங்க இன்னா இருக்குது?" என்றாள் மல்லிகா.

"பின்னாடி போக வழியே இல்லீங்க. ஜவ்வு மூடியிருக்கு" என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். ஒன்றை மாட்டினாள், கழற்றினாள், அடுத்ததை மாட்டினாள். ஒன்று பொருந்தியது. முதலில் தெரிந்தது மல்லிகாவின் முகம்.

"இன்னாடி, இவ்ளோ நரைச்சிட்ட?"

"எல்லாம் உன்னாலதான்."

இரண்டு பேரும் அங்கேயே அழுதோம்.

இப்போது என் தோட்டத்தில் கண்ணைக் காக்கும் கண்ணாடி போடாமல் யாரும் சோகை உரிப்பதில்லை. சிவந்த கண்ணோடு யாராவது நின்றால் நானே பஸ் ஏற்றிவிடுகிறேன். அன்பர்களே, பயம் வந்தால் ஆத்தாவைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டுப் படுத்துவிடாதீர்கள். அவள் அனுப்பும் ஆள் சின்னப் பெண்ணாக இருந்தாலும், பயிற்சியில் இருந்தாலும் நம்புங்கள்.

நடந்தது இதுதான். கரும்புச் சோகை கீறிய இடத்தில் பூஞ்சை பிடித்தது. மேல்பயிற்சியில் இருந்த ஒரு பெண் அதைப் பார்த்த அன்றே சந்தேகப்பட்டாள். மருந்தில் ஆறியது. லென்ஸ் போட்டால் பார்வை தெரிகிறது. இதை யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை, கண் தெரிந்து நானே எழுதினேன்.