பன்னிரண்டு மணிக்குள் தஞ்சாவூர்

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் நாற்பது கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள் அமுதாவோடு ஒருமுறை போய்ப் பார்க்கவும்.

நானும் அமுதாவும் திருநங்கைகள், ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அவளுக்குக் குடிப்பழக்கம் உண்டு. அதற்கு அவள் நம்பிய வைத்தியம் கயிறு. முனீஸ்வரர் கோயில் பூசாரி கையில் கயிறு கட்டி, நாற்பத்தெட்டு நாள் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்குவார். சாமிக்குக் கொடுத்த வாக்கில் அமுதா ஒரு நிமிடம் குறைக்கமாட்டாள், ஒரு நிமிடம் கூட்டியும் கொடுக்கமாட்டாள். கெடு முடிந்ததும் விட்டதையெல்லாம் சேர்த்துக் குடிப்பாள். மூன்றாவது கயிறு முடிந்த அன்று வாய்க்காலில் கிடந்தாள். நல்லவேளை, தண்ணீர் திறந்துவிடவில்லை.

நான்காவது கயிற்றின் கெடு போன புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. மதுக்கடை திறப்பதும் பன்னிரண்டுக்கு. தஞ்சாவூரில் ஒரு தொண்டு நிறுவனம் மாதம் ஒருநாள் திருநங்கைகளுக்கு மருத்துவ முகாம் நடத்துகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், ஹார்மோன் மாத்திரை பற்றிக் கேட்கலாம், குடியை விட ஆலோசனையும் உண்டு. அதுவும் அதே வெள்ளிதான், டோக்கன் பன்னிரண்டு மணி வரை. கயிறு அவிழ்வதற்குள் இவளை அங்கே உட்காரவைத்துவிட வேண்டும் என்பது என் திட்டம். "வர்றேன். பன்னெண்டுக்கு மேல என் இஷ்டம்" என்று சொல்லி, கொண்டாட்டத்துக்குத் தயாராகப் பட்டுப்புடவையில் கிளம்பினாள்.

இனி என் புத்திசாலித்தனம். நேரடிப் பேருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். டவுன் பஸ்ஸில் எங்களுக்கு இலவசம் என்பதால் மூன்று பஸ் மாறிப் போகலாம் என்றேன். 8.40க்கு ஏறினோம். பாபநாசத்தில் அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் காத்திருந்தோம். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் தாண்டியதும், மணி 10.25, சாலை மறியல்.

குறுவை நெல் ஈரமாக இருக்கிறதென்று கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லையாம். விவசாயிகள் மூட்டைகளை ரோட்டில் அடுக்கி மேலே உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நியாயமான கோபம்தான், ஆனால் கெடுவுக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. அமுதா நிம்மதியாகக் கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளை இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்ங்க, வழி விடுங்க."

மூட்டைமேல் இருந்த ஓர் அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்கு உடம்பு சரியில்ல?"

அமுதாதான் சொன்னாள். "எனக்குத்தாங்க. குடிய விடணும். பன்னெண்டுக்குள்ள போகலேன்னா திரும்பக் குடிச்சிருவேன்."

என்னிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை.

அந்த அம்மா பக்கத்து மூட்டையைப் பார்த்து, "யோவ், எந்திரி" என்றார். அவர் கணவர் எழுந்தார். "இவரு குட்டியானை அந்தப் பக்கம் சும்மாதான் நிக்குது. ஏறிக்கிங்க. அப்படியே இவரையும் அங்க காட்டிட்டு வாங்க. இன்னிக்கு இன்னும் ஆரம்பிக்கல, நல்லாத்தான் ஓட்டுவாரு."

"நான் மறியல்ல இருக்கேன்டி!"

"ஒன் சத்தத்தையும் சேத்து நானே போடுறேன். போ."

அந்தச் சின்னச் சரக்கு வண்டியில் நெருக்கியடித்து, மறியலில் தேங்கிய வண்டிகளுக்கிடையே ஊர்ந்து, 11.50க்கு முகாமை அடைந்தோம். டீசலுக்கு இருநூறு ரூபாய் கொடுத்தேன், இலவசப் பயணத்தின் கட்டணம் அது. அமுதாவுக்கு டோக்கன் பதினேழு. இது திருநங்கைகளுக்கான முகாம் என்று நர்ஸ் சொன்னதும் டிரைவர் துள்ளி எழுந்தார். அமுதா அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். "அந்த அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" நர்ஸ் சிரித்துக்கொண்டே பதினெட்டை அவரிடம் நீட்டினார்.

ஆலோசகரிடம் அமுதா முதலில் கேட்டது: "எத்தன நாளைக்குங்க?"

"இன்னிக்கு ஒரு நாள். நாளைக்குக் காலைல போன் பண்றேன், அப்ப பேசுவோம்."

"நாப்பத்தெட்டே இருந்திருக்கேன். ஒண்ணுங்கிறது ரொம்பக் கம்மியா இருக்கேங்க" என்று குறைபட்டாள்.

திரும்பும் வழியில் வண்டி ஒரு மதுக்கடையைத் தாண்டியது. "மணி என்னக்கா?" என்றாள் அமுதா. என் வாட்ச்சில் 1.35.

"பதினொண்ணே முக்கா" என்றேன்.

அவள் வெயிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரிக்கா" என்று கயிற்றைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். டிரைவரும் தன் வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: நேரடிப் பேருந்தில் போங்கள். அறுவடைக் காலமென்றால் ஒரு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். பழைய மருந்துச் சீட்டுகளைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, தனியாகப் போகாதீர்கள். மணி சொல்லக் கூட ஓர் ஆள் வேண்டும்.

ஆலோசகர் தினமும் காலையில் போன் செய்கிறார். அமுதா தினமும் என்னிடம் மணி கேட்கிறாள். நேற்று விளக்கு வைத்த பிறகும் கேட்டாள், சொன்னேன். எங்கள் வீட்டில் இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை.