சோறில்லை, சேதி

போன வாரம் தம்பி மகளோடு குழந்தைப்பேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஸ்கேன் பார்த்த டாக்டர் பெண், "ஃபாலிக்கிள் நல்லா வளருதும்மா, ஊசி வேலை செய்யுது" என்றாள், பால் உறைந்து தயிராகிவிட்டது என்கிற தொனியில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே அடித்த ஸ்பிரிட் வாசனையும் சேர்ந்துகொண்டு, என்னை ஐம்பது வருஷம் பின்னால் கொண்டுபோய் இறக்கியது.

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் வயிறு திறக்கவில்லை என்று புருஷன் வீட்டார் என்னை முசரவாக்கத்தில் அப்பா வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். அப்பா ஏர் பிடிக்கிறவர், பேச்சு குறைவு. "டிகிரி படிச்சிக்கீற இல்ல, போய் வேலையப் பாரும்மா" என்றார், அவ்வளவுதான். காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனேன். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஓர் அறை. தவளை அறுத்துக் காட்டுவது உத்தியோகம். தவளையைவிட நான்தான் அதிகம் நடுங்குவேன்.

நூலகத்தில் அட்டை கிழிந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. கருமுட்டையைச் சுற்றிச் செல்கள் போர்வைபோல மூடியிருக்கும். அந்தப் பொட்டலம்தான் ஃபாலிக்கிள். அதை உடம்புக்கு வெளியே, கண்ணாடிக் கிண்ணத்தில் உயிரோடு வைத்துப் பார்க்கிறார்களாம். ஒன்று ஏன் வளர்கிறது, பக்கத்தில் இருப்பது ஏன் அப்படியே கிடக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு இல்லாத உரிமை யாருக்கு இருக்கிறது?

துறைத் தலைவரிடம் போய் மூலையில் கிடந்த பழைய இன்குபேட்டரைக் கேட்டேன். இரண்டு லெக்சரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "உன்கிட்டயே இல்லாதத கண்ணாடியில வளக்கப் போறியா?" என்றார் தலைவர். அவர்கள் சிரித்தார்கள்.

"ஆமா சார். அதுக்குத்தான் கேக்கறேன்" என்றேன். சிரிப்பு நின்றது. இன்குபேட்டர் கிடைத்தது.

தினம் காலையில் சைக்கிளில், தெர்மாஸ் குடுவையில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரோடு ஆடு அறுக்கும் தொட்டிக்குப் போவேன். அங்கே காசிம் பாய். "இன்னாம்மா இது, ஈரல் கேட்டுக்கினு வருவாங்க, கொடல் கேட்டுக்கினு வருவாங்க. சூல்பைய எவனும் கேட்டதில்ல!" அவரிடம் வருகிற பெட்டை ஆடுகள் பெரும்பாலும் ஈனாதவை, அதனாலேயே விற்கப்பட்டவை. ஒரு நாள் முட்டை உண்டாகிற அந்தச் சூல்பையைக் கீறிக் காட்டினேன். தினை தினையாகக் கொப்புளங்கள்.

"பாய், இதுல முட்டைக்குப் பஞ்சமே இல்ல."

அவர் கத்தியைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "அப்ப தப்பு ஆட்டு மேல இல்லியா?"

"ஆட்டு மேல மட்டும்னு எவன் சொன்னான்?"

ஊசி நுனியால் ஃபாலிக்கிளைப் பிரித்து, சத்துக் கரைசலில் போட்டு, கண்ணாடி ஜாடிக்குள் வைப்பேன். கூடவே ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி மூடிவிட்டால் அது எரிந்து தானே அணையும். உள்ளே கரியமிலக் காற்று கொஞ்சம் கூடும், செல்லுக்கு அது வேண்டும். பிறகு ஜாடியோடு இன்குபேட்டருக்குள், உடம்புச் சூட்டில். எல்லாம் செய்தும் இரண்டே நாளில் கறுத்துச் செத்தன. பல வாரம் இதே கதை. பிறகு ஆட்டு ரத்தத்தை உறையவிட்டு, மேலே தெளிந்த மஞ்சள் நீரை, அதாவது சீரத்தை, சில சொட்டுகள் விட்டேன். நாலாம் நாள் மைக்ராஸ்கோப்பில் அளந்தால் ஒன்றரை மடங்கு! துள்ளி எழுந்ததில் அலமாரியில் மண்டை இடித்து வீங்கியது. அதுவும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

"சீரம்னா சோறு. சோறு போட்டா எதுவும் வளரும்" என்றார் தலைவர்.

சரி, சோறே போடுகிறேன் என்று சீரத்துக்குப் பதிலாக அதே அளவு முட்டை வெள்ளைக்கருப் புரதம் கொடுத்தேன். கறுத்தது. மறுபடி சீரம், வளர்ந்தது. மாற்றி மாற்றி ஆறு தடவை. துறைக் கூட்டத்தில் யாரும் கூப்பிடாமலே எழுந்தேன்.

"சார், இது சோறில்ல, சேதி. வளருன்னு ரத்தத்துல ஏதோ ஒண்ணு அதுக்குச் சொல்லுது."

"அந்த ஏதோ ஒண்ணுக்குப் பேர் இருக்கா?" என்றார் தலைவர்.

"இல்ல. பேர் தெரியாததால அது இல்லைன்னு ஆயிடுமா?"

"பேர் இல்லாதத வச்சிப் பேப்பர் எழுத முடியாது."

"நான் எழுதுவேன் சார்."

எழுதினேன். இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. மூன்றாவது, ஒரு சின்னப் பத்திரிகை, ஒரே பக்கத்தில் போட்டது, என் பேரில். அந்தச் சேதிக்காரர்களைப் பிறகு எங்கெங்கோ பிரித்தெடுத்து வளர்ச்சிக் காரணிகள் என்று பேர் வைத்தார்கள். அதில் எனக்குப் பங்கில்லை. ஆனால் நான் பார்த்தது பார்த்ததுதான்.

இதற்கிடையில் புருஷன் இரண்டாம் கல்யாணம் செய்தும் அங்கேயும் பிள்ளையில்லை. ஒரு நாள் மாமியார் என் அறைக்கே வந்து, "வூட்டுக்கு வந்துடும்மா, நடந்தது நடந்துபோச்சு" என்றார். தண்ணீர் கொடுத்தேன். "லேப்ல மெழுகுவர்த்தி ஏத்தணும், நேரமாவுது" என்று சைக்கிளை எடுத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று அந்த ஆய்வுக்கூடம் கம்ப்யூட்டர் அறை. ஆடு அறுத்த இடத்தில் அடுக்குமாடி. காசிம் பாய் போய்ச் சேர்ந்துவிட்டார். என் நோட்டுப் புத்தகங்களைக் கரையான் படித்து முடித்தது. வளைகாப்பு வீடுகளில் எல்லாருக்கும் சந்தனம் கொடுத்து வந்து, என் எதிரில் மட்டும் சட்டென்று தட்டைத் திருப்பிக்கொண்ட கைகளும் இப்போது இல்லை. மற்றதற்கெல்லாம் மனசு கொஞ்சம் வலிக்கும். அந்தக் கைகள் போனதற்கு வலிக்காது.